டாங்கியின் முதுகில் ஒரு தொலைபேசி

1944ஆம் ஆண்டுக் கோடையில் நார்மண்டியில் போரிட்ட அமெரிக்க ஷெர்மன் டாங்கிகள் சிலவற்றின் பின்புறத்தில் ஒரு தகரப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. துப்பாக்கித் தோட்டாக்கள் வைக்கிற சாதாரணப் பெட்டிதான். அதற்குள் காலாட்படை பயன்படுத்தும் கள தொலைபேசி ஒன்று. அதிலிருந்து கிளம்பிய கம்பி இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், டாங்கிக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பில் சேர்ந்துகொண்டது. பின்னால் குனிந்து வரும் சிப்பாய் பெட்டியைத் திறந்து, ரிசீவரைக் காதில் வைத்து, "இடது மூலையில் மெஷின் கன், அந்த மரத்தடியில்" என்று சொன்னால் உள்ளே இருக்கும் டாங்கித் தலைவனுக்குக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வேலை. போரைப் பற்றிப் படித்தவற்றில் என் மனத்தை விட்டு நீங்காத பொருட்களில் இந்தப் பெட்டியும் ஒன்று.

அது வருவதற்கு முன் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஷெர்மனுக்குள் ஐந்து பேர். மேல்மூடியைச் சாத்திவிட்டால் வெளியுலகம் ஒரு கண்ணாடிக் கீற்றாகச் சுருங்கிவிடும். எஞ்சின் இரைச்சலில் வெளியே யார் கத்தினாலும் உள்ளே எட்டாது. இருபது அடி தள்ளிப் படுத்திருக்கும் காலாட்படைச் சிப்பாய்க்கோ எதிரியின் மெஷின் கன் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். அதைச் சுட்டு நொறுக்கும் பீரங்கி பக்கத்திலேயே நிற்கிறது. சொல்லத்தான் வழியில்லை. துப்பாக்கிக் கட்டையால் டாங்கியின் பக்கவாட்டில் தட்டுவான். பயனில்லையென்றால் குண்டுமழைக்கு நடுவே அதன் மேலே ஏறி மூடியைத் தட்டுவான். ஏறும்போதே சுடப்பட்டு விழுந்தவர்கள் உண்டு.

இந்த நிலையில் இரு தரப்புக்கும் இடையே பகை வளர்ந்ததில் வியப்பில்லை. டாங்கி பக்கத்தில் வந்தால் எதிரியின் பீரங்கிக் குண்டெல்லாம் நம் தலையில் விழுகிறது, ஒரு டாங்கி எரிந்ததும் மற்றவை பின்வாங்கிவிடுகின்றன, நாம்தான் வெட்டவெளியில் கிடக்கிறோம் என்றது காலாட்படை. நாங்கள் முன்னால் போனால் இவர்கள் படுத்துவிடுகிறார்கள், கூட ஆள் இல்லாத டாங்கியைப் புதருக்குள் ஒளிந்திருக்கும் ஒருவன் ஒரே ராக்கெட்டில் முடித்துவிடுகிறான் என்றது டாங்கிப்படை. இரண்டு புகாரும் உண்மை. ஆனால் அவை பேசப்பட்ட மொழி வேறாக இருந்தது. "அவர்களுக்குத் துணிச்சல் இல்லை", "அவர்களுக்குத் திமிர்" என்று ஆளின் குணத்தைக் குறை சொல்லும் மொழி. காது கேட்காமையைக் கோழைத்தனம் என்று இரு தரப்பும் மாற்றி மாற்றிப் படித்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலமும் இந்தப் பகையை வளர்த்தது. நம் ஊர் வரப்பு முழங்கால் அளவு. நார்மண்டியின் பொகாஜ் பகுதியில் வயலுக்கு வயல் ஆளை மறைக்கும் மண்கரை. அதன் மேல் புதரும் முள்ளும் மரமும், பல நூற்றாண்டு வேர்களும். எட்டுச் சதுர மைலுக்கும் குறைவான ஒரு பரப்பின் வான்படத்தில் இப்படி வேலி சூழ்ந்த வயல்கள் 3,900க்கு மேல் இருந்தன. ஒவ்வொரு வயலும் தனிக் கோட்டை. டாங்கி அந்தக் கரையில் ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், தகடு மெல்லியதாக உள்ள அடிவயிறு எதிரிக்குத் தெரியும். காலாள் தனியாகப் போனால் எதிர்க்கரையின் இரு மூலைகளிலிருந்தும் மெஷின் கன் அறுக்கும். அந்த நிலத்தில் ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு வயலைக்கூடக் கடக்க முடியாது.

இத்தனைக்கும் இரு தரப்பிடமும் வயர்லெஸ் இருந்தது. காலாட்படைக் கம்பெனியின் முதுகு வயர்லெஸ் 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். டாங்கியின் வயர்லெஸ் 20 முதல் 28 வரை. இரண்டும் எங்கேயும் சந்திக்காது. நல்ல கருவிகள்தான், தத்தம் வீட்டுக்குள். வடிவமைத்தவர்கள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. காலாட்படை டிவிஷன் ஒரு முகாமில் வருடக்கணக்கில் பயின்றது. டாங்கி பட்டாலியன் வேறொரு முகாமில் பயின்றது. போர்முனைக்கு வந்த பிறகு இன்று இந்த டிவிஷனோடு, அடுத்த வாரம் அந்த டிவிஷனோடு என்று டாங்கிகளை இரவல் கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்தில் முகம் பார்க்காத இருவருக்கு ஒரே அலைவரிசை வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வந்திருக்கும்?

யானை, தேர், குதிரை, காலாள் என்று நாற்படையை வரிசை மாறாமல் சொல்லும் மரபு நம்முடையது. படைமாட்சிக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். உறுப்புகள் நான்கு என்று எண்ணிச் சொன்ன நம் இலக்கியத்தில், யானைமேல் இருந்தவனும் அதன் காலடியில் ஓடியவனும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு விடை தேடிப் பார்த்திருக்கிறேன். மதம் கொண்ட யானை தன் படையையே மிதிக்கும்போது காலாள் யாரை நோக்கிக் கத்தினான்?

ஒத்திகையிலேயே இந்தச் செவிட்டுத்தனம் எத்தனை உயிர்களை வாங்கும் என்பதற்கு நார்மண்டிக்கு முன்பே ஒரு சாட்சியம் இருந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்லாப்டன் என்னும் ஊர். கூழாங்கல் கடற்கரை, அதற்குப் பின்னால் ஒரு நன்னீர் ஏரி. பிரான்சில் அமெரிக்கர்கள் இறங்கவிருந்த யூட்டா கரையின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் 1943 இறுதியில் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து சுமார் 3,000 பேரைக் காலி செய்யச் சொல்லி, அந்தக் கரையை ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1944 ஏப்ரல் கடைசியில் நடந்த ஒத்திகைக்கு 'டைகர்' என்று பெயர்.

ஏப்ரல் 28 அதிகாலை. டாங்கிகளையும் ஆட்களையும் ஏற்றிய எட்டு அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாக லைம் விரிகுடாவில் வந்துகொண்டிருந்தன. காவல் பொறுப்பு பிரிட்டிஷ் கடற்படையுடையது. இரண்டு காவல் கப்பல்கள் வந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றான சிமிட்டார் மேல் முதல் நாள் ஓர் அமெரிக்கக் கலம் இடித்துவிட்டது. பழுது பார்க்கப் பிளிமத்துக்குப் போனது திரும்பவில்லை. திரும்பாத செய்தி அமெரிக்கர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. எஞ்சியது அசேலியா என்ற சிறிய கப்பல் மட்டும். அதற்கிடையே ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து ஒன்பது ஜெர்மன் டார்பிடோப் படகுகள் கிளம்பி வந்துவிட்டன. பிரிட்டிஷ் தரப்பு அவற்றைக் கண்டது. எச்சரிக்கையும் அனுப்பியது. அசேலியாவுக்கு அது கிடைத்தது. அமெரிக்கக் கப்பல்களுக்குக் கிடைக்கவில்லை. உத்தரவுத் தாளில் அலைவரிசை எண்கள் தவறாகத் தட்டச்சாகியிருந்ததால் அவை வேறொரு அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தன. தனக்குக் கிடைத்தது அவர்களுக்கும் கிடைத்திருக்கும் என்று அசேலியா நினைத்துக்கொண்டது.

இரண்டு கப்பல்கள் மூழ்கின, மூன்றாவது சிதைந்து கரை சேர்ந்தது. கடலில் குதித்த சிப்பாய்களில் பலர் மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகுச் சுமையின் கனத்தில் அது அவர்களைத் தலைகீழாகக் கவிழ்த்தது. பட்டை கட்டும் முறையை அவர்களுக்கு யாரும் சரிவரக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அது தன் பொறுப்பு என்று தரைப்படையும் நினைக்கவில்லை, கடற்படையும் நினைக்கவில்லை. இறந்தவர்கள் 749 பேர். நாற்பது நாளில் உண்மையான யூட்டா கரையில் இறங்கிய நான்காவது டிவிஷன் அந்த முதல் நாளில் இழந்தவர்கள் சுமார் 200 பேர்தான். ஒத்திகைக் கடல் போர்க்கரையைவிட அதிகம் பேரை விழுங்கியிருக்கிறது.

தவறான எண்ணைத் தட்டச்சு செய்தவரைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. எழுத்துப்பிழை எங்கும் நேரும். அந்த இரவில் என்னைக் கலங்கவைப்பது அசேலியாவின் நினைப்பு. ஒரே கடலில், ஒரே வரிசையில், ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருக்கும் இரண்டு அணிகள். புறப்படுவதற்கு முன் "கேட்கிறதா?" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்திருந்தால் பிழை பகலிலேயே அகப்பட்டிருக்கும். அவர்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. உரசிக்கொள்ளும் அளவுக்குக்கூட நெருங்கிப் பழகவில்லை என்பதே பொருத்தம். பிறகு அலைவரிசைகளை ஒன்றாக்கினார்கள், மிதவைப் பட்டை கட்டப் பயிற்சி கொடுத்தார்கள், கடலில் விழுபவர்களைத் தூக்கத் தனிப் படகுகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் செய்ய முடிந்த காரியங்கள்தான்.

நார்மண்டிக்கு வருவோம். ஜூன் மாதச் சண்டைகளில் வேலிக்கு வேலி அடிபட்ட பிறகு அமெரிக்க 29ஆவது டிவிஷன் ஒரு காரியம் செய்தது. போர்முனைக்குப் பின்னால், கூவேன் கிராமப் பக்கம், அதே மாதிரி வேலிகள் சூழ்ந்த வயல்களைப் பயிற்சிக்களமாக்கியது. பொறுப்பு பிரிகேடியர் ஜெனரல் நார்மன் கோட்டாவிடம் வந்தது. நார்மண்டித் தரையிறக்கத்தில் ஒமாஹா கரையில் குண்டுகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். காலாட்படை, டாங்கிப்படை, வெடி வைக்கும் பொறியியல் படை மூன்றையும் கூப்பிட்டு ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். அங்கே நடந்தது வேறு. படையை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டினார்கள். ஒரு வயல், ஒரு டாங்கி, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு செக்‌ஷன். கூடவே ஒரு மெஷின் கன், ஒரு சிறு மோர்ட்டார், வெடிமருந்தோடு சில பொறியியல் ஆட்கள். ஒரு வயல் இவர்கள் கணக்கு. தவறினால் இவர்களே தவறியவர்கள்.

அந்த வயலில் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். டாங்கி மெல்ல வந்து தன் மூக்கை வேலிக்குள் நுழைக்கிறது. அதன் முன்புறத்தில் இரண்டு தடித்த குழாய்கள் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை மண்கரைக்குள் இறங்குகின்றன. பீரங்கி எதிர்க்கரையின் இரண்டு மூலைகளிலும் வெண்பாஸ்பரஸ் குண்டுகளைப் போடுகிறது. மெஷின் கன் இருந்தால் அங்கேதான் இருக்கும். பிறகு டாங்கியின் மெஷின் கன் எதிர்க்கரை நெடுகச் சீவிக்கொண்டே இருக்க, செக்‌ஷன் வயலுக்குள் இறங்கி முன்னேறுகிறது. மோர்ட்டார் அந்தக் கரைக்கு அப்பால் குண்டுகளைப் போடுகிறது. ஆட்கள் எதிர்க்கரையை நெருங்கிக் கையெறிகுண்டு வீசும் தூரம் வந்ததும் டாங்கி பின்வாங்குகிறது. கொம்புகள் உருவிக்கொண்டு வர, கரையில் இரண்டு ஆழமான துளைகள். பொறியியல் ஆட்கள் காலிக் குண்டு உறைகளில் வெடிமருந்து அடைத்து அந்தத் துளைகளில் செருகுகிறார்கள். வெடிக்கிறது. திறந்த வாசல் வழியே டாங்கி அடுத்த வயலுக்குள் நுழைந்து தன் ஆட்களோடு சேர்ந்துகொள்கிறது.

அந்தத் துளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் பொறியியல் படை கரையின் அடியில் ஐம்பது ஐம்பது பவுண்டாக வெடிமருந்தைக் குவித்தது. ஒரு டாங்கி கம்பெனி ஒன்றரை மைல் போக 34 வேலிகள், அதற்கு 17 டன் வெடிமருந்து வேண்டும் என்று கணக்கு வந்தது. நடக்கிற காரியமில்லை. டாங்கிக்காரர்கள் வேலியை முட்டித் தள்ள என்று குழாய்க் கொம்புகளைப் பொருத்தினார்கள், அதுவும் எல்லா வேலியிலும் பலிக்கவில்லை. கொம்பு உருவிய இடத்தில் துளை விழுவதைப் பொறியியல்காரர்கள் கவனித்தார்கள். துளைக்குள் அடைத்தால் பதினைந்து பவுண்டு போதும். ஒரு தரப்பின் தோல்வி இன்னொரு தரப்பின் கண்ணில் பட்டதால் கிடைத்த வழி இது. ஒரே வயலில் நாள்கணக்கில் சேர்ந்து நிற்காதவர்களுக்கு இது கண்ணில் படாது.

தகரப் பெட்டித் தொலைபேசிக்கும் இந்த நாட்களில்தான் மதிப்பு கூடியது. அலைவரிசைகளை மாற்றும் அதிகாரம் வயலில் நிற்பவனுக்கு இல்லை. கம்பி இழுக்க முடியும், இழுத்தார்கள். நான் இதைப் பெரிய காரியமாகவே மதிக்கிறேன். மேலிடம் தீர்க்கும் வரை காத்திருக்காமல், பூசலின் வேர் எதுவோ அதற்குக் கையில் அகப்பட்டதை வைத்து மருந்து செய்திருக்கிறார்கள்.

பக்கத்திலிருந்த இரண்டாவது டிவிஷனும் இதே வழியில் பயின்றது. அதன் எதிரே 192ஆம் குன்று. சாங்-லோ நகருக்குப் போகும் பாதையைக் கண்காணிக்கும் உயரம். ஜூன் நடுவில் அந்தக் குன்றைப் பிடிக்க முயன்று 1,200க்கும் மேற்பட்டவர்களைப் பலியாகவும் காயமாகவும் இழந்தார்கள், குன்று கிடைக்கவில்லை. பிறகு காலாட்படை, டாங்கி, பொறியியல் ஆட்களைச் சிறு குழுக்களாக்கிப் பின்களத்தில் ஒத்திகை பார்த்தார்கள். டாங்கிகளின் முதுகில் தொலைபேசி. ஜூலை 11 அன்று குன்று அவர்கள் கையில். மாண்டவர்கள் 69 பேர், காயம்பட்டவர்கள் 328 பேர். இந்த வேறுபாடு முழுவதையும் ஒத்திகையின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஜூலையில் பீரங்கிப்படையின் வெடிமழை மிகப் பெரிது. ஆனாலும் பீரங்கி எவ்வளவு முழங்கினாலும் கடைசி வேலியைக் கடப்பது ஒரு டாங்கியும் பத்துச் சிப்பாய்களும்தான். அந்தக் கடைசி முப்பது கஜத்துக்கு ஒத்திகையைத் தவிர வேறு துணை இல்லை.

இதை எழுதும்போது நெஞ்சில் ஒரு கனம் இருக்கவே செய்கிறது. அந்தக் குன்றில் எதிரே இருந்த ஜெர்மன் பாராசூட் படையினரிலும் இருபது வயதைத் தொடாதவர்கள் இருந்தார்கள். இந்தப் பயிற்சி நேர்த்தியாக்கியது அவர்களைக் கொல்லும் வேலையை. போரின் கோரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த மக்களின் மொழியில் எழுதுகிறவன் அதை மறைக்கக் கூடாது. ஆனால் போருக்கு அனுப்பப்பட்டவன் தன் கூட வந்தவனின் செவிட்டுத்தனத்தால் சாகக் கூடாது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

கூவேனில் நடந்ததை எண்ணும்போது ஒன்று தெளிவாகிறது. ஒருவரையொருவர் நம்பியிருக்கும் அணிகளுக்கு இடையில் பூசல் வந்தால் நாம் உடனே சமாதானம் பேசப் போகிறோம். இரு தலைவர்களையும் உட்காரவைத்துக் கைகுலுக்க வைக்கிறோம். அடிமட்டத்தில் காலாள் இன்னும் துப்பாக்கிக் கட்டையால் இரும்பைத் தட்டிக்கொண்டுதான் இருப்பான். பூசலை அதன் மிகச் சிறிய அளவுக்குக் கொண்டுவந்து, அந்த ஒரு வயலில் இரு தரப்பையும் கட்டிப்போட்டு, கோபத்தை அங்கேயே வெளியே வரவிட வேண்டும். "நீ ஏன் நின்றாய்?" என்று டாங்கிக்காரன் கேட்கட்டும். "நீ சுடுவதை நிறுத்தினாய், அதனால் நின்றேன்" என்று காலாள் சொல்லட்டும். பயிற்சிக்களத்தில் அந்தக் கேள்விக்கு விலை ஒரு மாலைப்பொழுது. களத்தில் கேட்டால் விலை வேறு. ஒத்திகையில் சத்தமே எழாத படையைப் பார்த்து அதன் தளபதி மகிழக் கூடாது.

ஒருமுறை கற்றது நிலைத்துவிடுகிறதா என்றால் இல்லை. 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிணையாக இருந்தவர்களை மீட்க அமெரிக்கா ஒரு படையை அனுப்பியது. தரைப்படையின் டெல்டா பிரிவு, கடற்படையின் ஹெலிகாப்டர்கள், அவற்றை ஓட்டப் பெரும்பாலும் மரீன் விமானிகள், விமானப்படையின் சி-130 விமானங்கள். இரகசியம் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே பயின்றது. எல்லோரும் சேர்ந்த முழு ஒத்திகை நடக்கவே இல்லை. பாலைவனத்தில் முன்னால் பறந்த சி-130கள் புழுதிமேகத்தைக் கண்டன, பின்னால் வந்த ஹெலிகாப்டர்களுக்குச் சொல்லவில்லை. வயர்லெஸ் மௌனம் கட்டளை. புழுதியில் தவித்த ஒரு ஹெலிகாப்டர் திரும்பிப் போனது. போய்ச் சேர வேண்டிய இடத்தில் வானம் தெளிந்திருந்தது, அதையும் யாரும் அதன் விமானிக்குச் சொல்லவில்லை. எட்டில் ஆறு வந்து சேர்ந்தன, ஐந்துதான் பறக்கும் நிலையில் இருந்தன, ஆறாவது இல்லாமல் மேலே போக முடியாது என்று திட்டம் கைவிடப்பட்டது. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் சி-130 ஒன்றின் மேல் மோதி எட்டுப் பேர் எரிந்து இறந்தார்கள். அட்மிரல் ஹாலோவே தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, முழு ஒத்திகை இல்லாமல் போனதைக் குறைகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

அதே 1980இல்தான் அமெரிக்காவின் புதிய எம்-1 ஏப்ரம்ஸ் டாங்கியும் சேவைக்கு வந்தது. ஷெர்மனைவிடப் பல மடங்கு வலிமை, கூடுதல் வேகம். அதன் முதுகில் காலாட்படைக்கான தொலைபேசி இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இராக்கின் நகரத் தெருக்களில் டாங்கியும் காலாளும் மறுபடி தோளோடு தோள் நின்று சாக நேர்ந்தபோது, நகரச் சண்டைக்கென்று ஏப்ரம்ஸுக்கு ஒரு கூடுதல் உபகரணத் தொகுப்பு செய்தார்கள். அதில் ஒன்று, டாங்கியின் பின்புறம் பொருத்தும் தொலைபேசிப் பெட்டி.